திறந்த கல்வி வள முன்னெடுப்பு: வகை பிரிப்பதில் தொடங்கிக் கையளிப்பது வரை

திறந்த கல்வி வளம் (யாரும் எடுத்துத் திருத்திப் பகிரக்கூடிய பாடப்பொருள்) என்று பேச்செடுத்தால் முதல் கூட்டத்திலேயே யாராவது ஒருவர் "இணையதளம் ஒன்று தொடங்கிவிடலாம்" என்பார். கைக்காசும் ஆறு மாதமும் அதிலேயே போய்விடும். தளம் தயாரானதும் போடுவதற்கு ஒன்றும் இருக்காது. கிடைத்ததையெல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றுவார்கள். படம் யாருடையது, கட்டுரை யாருடையது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த வழிகாட்டி அதைத் தலைகீழாகப் போட்ட வரிசையில் போகிறது: செய்யப்போவது எந்த வகை வேலை என்ற முடிவு முதலில், பிறகு உரிமம், பிறகு ஆக்கம். தளம் கடைசியில், அதுவும் தேவைப்பட்டால். பள்ளி ஆசிரியர் குழு, கல்லூரித் துறை, சிறு அறக்கட்டளை ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது.

திறந்தது வேறு, இலவசம் வேறு

2002இல் பாரிசில் யுனெஸ்கோ கூட்டிய அரங்கில்தான் இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது. 2019 நவம்பரில் யுனெஸ்கோ பொது மாநாடு ஏற்றுக்கொண்ட பரிந்துரை அதற்கு உறுதியான வரையறை தந்தது. பதிப்புரிமை முடிந்து பொதுவுக்கு வந்தவை, அல்லது திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டவை, இவ்விரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் வைலி வகுத்த ஐந்து உரிமைகளை வைத்துச் சோதிப்பது இன்னும் எளிது: வைத்துக்கொள்ளலாமா, பயன்படுத்தலாமா, திருத்தலாமா, வேறொன்றோடு கலக்கலாமா, மறுபடி பகிரலாமா? ஐந்துக்கும் ஆம் என்றால்தான் அது திறந்த வளம்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களை யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அதனாலேயே அதிலுள்ள இதயத்தின் படத்தை வெட்டி உங்கள் பயிற்சித்தாளில் ஒட்டி வெளியிடும் உரிமை வந்துவிடாது. யூடியூப் காணொளிகளும் அப்படித்தான். கிரியேட்டிவ் காமன்ஸ் (பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் உரிமம்) என்று குறிக்கப்படாதவை பார்ப்பதற்கு மட்டுமே. எதையும் தொடும் முன் இந்தச் சோதனையைப் போடுங்கள்.

படி 1: உங்கள் முன்னெடுப்பு எந்த வகை?

ஆளும் பணமும் உரிமமும், வெற்றியை எப்படி அளப்பது என்பதும் வகையைப் பொறுத்தவை. அதனால் இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். முதல் அச்சு (பிரித்துப் பார்க்கும் கோணம்), வேலையின் தன்மை:

- புதிதாக ஆக்குதல். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் பாடநூல்கள், தென்னாப்பிரிக்காவின் சியாவுலா அறிவியல், கணித நூல்கள்.
- ஏற்கெனவே உள்ளதை வெளியிடுதல். 2001இல் அறிவிக்கப்பட்ட எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர். வகுப்பில் நடந்த பாடங்களின் குறிப்புகளே அங்கு வெளிவந்தன. இங்கே எழுத்துவேலையைவிட உரிமம் தெளிவுபடுத்தும் வேலைதான் அதிகம்.
- மொழிபெயர்த்தலும் தழுவலும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழுக்கு வந்திருக்கும் சிறுவர் கதைகள்.
- திரட்டிப் பட்டியலிடுதல். 2013 ஆகஸ்டில் தொடங்கிய என்ஆர்ஓஇஆர் என்னும் இந்திய அரசின் தேசியக் களஞ்சியம்.
- கொண்டு சேர்த்தல். இணையமில்லாத இடத்துக்குப் பாடங்களை எடுத்துச் செல்லும் கோலிப்ரி, கிவிக்ஸ் போன்ற மென்பொருள்கள்; அச்சிட்டு வழங்குவதும் இதில் சேரும்.
- பயிற்சி. ஆசிரியர்களுக்கு உரிமமும் ஆக்கமும் கற்றுத்தருவது.
- கொள்கை. பொதுப்பணத்தில் உருவானவை திறந்த உரிமத்தில் வர வேண்டும் என்று நிறுவனத்தில் ஆணை வாங்குவது.
- சமூகம் வளர்த்தல். தமிழ் விக்கிப்பீடியா போல, ஆக்கத்தைவிட ஆக்குபவர்களைச் சேர்த்து வைத்திருப்பதே முதன்மையான பணி.

ஒன்றை மட்டும் முதன்மை வகையாகக் குறியுங்கள். துணைவகை இரண்டுக்கு மேல் வேண்டாம். "நாங்கள் எல்லாமே செய்வோம்" என்று எட்டையும் குறிக்கும் குழு எதையும் முடிக்காது. தடுமாற்றம் வந்தால் ஒரு கேள்வி போதும்: உங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் எதில் போகப்போகிறது? பெயர்ப்பலகையில் களஞ்சியம் என்று எழுதிவிட்டு, பாதிக்கு மேல் எழுதுவதில் செலவிட்டால் நீங்கள் ஆக்கும் குழுதான்.

இரண்டாம் அச்சு, நடத்துவது யார்: அரசு, பல்கலைக்கழகம், அறக்கட்டளை, தன்னார்வலர். மூன்றாவது, கல்வி நிலை. 'பள்ளி' என்று போடாமல் '6 முதல் 8ஆம் வகுப்பு, அறிவியல், தமிழ்வழி' என்று இறங்கிக் குறியுங்கள். நான்காவது, பரப்பு: ஒரு பள்ளியா, மாவட்டமா, மாநிலமா, நாடு கடந்ததா. ஐந்தாவது, கட்டம்: திட்டமா, முன்னோட்டமா, நடப்பா, நின்றதா. கடைசியாக உரிமம்.

நிதி கேட்டு விண்ணப்பிக்கிறவர்கள் யுனெஸ்கோ பரிந்துரையின் ஐந்து செயற்களங்களில் ஒன்றையும் எழுதிவைத்துக்கொள்வது நல்லது: திறன் வளர்த்தல், ஆதரவான கொள்கை, எல்லோரையும் உள்ளடக்கிய தரமான வளம், நீடித்து நடக்கும் வழிமுறை, பன்னாட்டு ஒத்துழைப்பு. இந்த ஐந்தை மட்டும் வகையாக வைத்துக்கொண்டால் வேலைக்கு உதவாது. அவை அரசுகளை நோக்கி எழுதப்பட்டவை, நாளை காலை யார் என்ன செய்வது என்று சொல்லாதவை.

வகை பிரிப்பில் அடிக்கடி நடக்கும் குழப்பங்கள் மூன்று. நிறுவனம், திட்டம், சேவை மூன்றையும் ஒரே பதிவில் போடுவது முதலாவது. பிரதம் புக்ஸ் ஒரு நிறுவனம். ஸ்டோரிவீவர் அதன் சேவை. அதில் ஒரு மாதம் நடக்கும் மொழிபெயர்ப்பு முகாம் ஒரு திட்டம். திட்டம் முடியும், சேவை தொடரும். பட்டியல் தயாரிக்கும்போது மூன்றுக்கும் தனித்தனி வரிசை கொடுத்து இணைப்பு போடுங்கள். ஆவணக்காப்பகத்தைத் திறந்த வளமாக எண்ணுவது இரண்டாவது. இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் (டிஜிட்டல் வடிவுக்கு மாற்றும்) 'நூலகம்' என்ற நிறுவனத்தின் பணி மதிப்புமிக்கது. ஆனால் அப்படிப்பட்ட சேகரத்தில் படிக்க மட்டும் அனுமதி பெற்றவையும் கலந்திருக்கும், ஆகவே ஒவ்வொரு நூலுக்கும் உரிமம் தனியே பார்க்க வேண்டும். மூன்றாவது, இலவச இணையவழிப் படிப்பு எல்லாம் திறந்த வளம் என்ற எண்ணம். பதிவு செய்து படிக்கலாம், எடுத்துத் திருத்த முடியாது என்றால் அது நம் பட்டியலில் வராது.

படி 2: என்ன இல்லை என்று பாருங்கள்

பாடத்திட்டத்தை ஒரு விரிதாளில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுங்கள். எதிரே நான்கு பத்திகள்: திறந்த உரிமத்தில் தமிழில் உள்ளது, திறந்த உரிமத்தில் பிறமொழியில் உள்ளது, இலவசம் ஆனால் திறந்ததல்ல, ஒன்றுமே இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு வகுப்பின் ஒரு பாடத்துக்கு இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிடும். இரண்டாம் பத்தி நிறைந்திருந்தால் நீங்கள் மொழிபெயர்ப்புக் குழு. நான்காம் பத்தி நிறைந்திருந்தால் ஆக்கும் குழு. முதல் பத்தியே நிறைந்திருந்தால் தேவை கொண்டு சேர்ப்பதுதான். படி 1இல் எடுத்த முடிவு இங்கே மாறினால் மாற்றிவிடுங்கள். காசு செலவாகும் முன் மாறுவது லாபம்.

படி 3: உரிமம்

முன்னெடுப்புகள் பாதியில் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் மொத்தம் ஆறு. இப்போது பயன்பாட்டில் இருப்பது 2013இல் வந்த 4.0 பதிப்பு. சிசி பை (CC BY; சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸின் சுருக்கம்) என்றால் ஆக்கியவர் பெயரைச் சொன்னால் போதும். எஸ்ஏ சேர்ந்தால், திருத்தியவரும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். என்சி சேர்ந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. என்டி சேர்ந்தால் மாற்றி வெளியிடக் கூடாது. என்டி இருப்பவற்றை மொழிபெயர்த்துக்கூட வெளியிட முடியாது என்பதால் கல்விப் பொருளுக்கு அது ஆகாது.

என்சி போட்டால் கைடு போடுகிறவர்கள் அடித்து விற்பதைத் தடுக்கலாம் என்று ஆசிரியர்கள் எண்ணுவது இயல்பு. விளைவு வேறு மாதிரி வரும். ஜெராக்ஸ் கடையில் நூறு பிரதி போட்டு விற்கலாமா, கட்டணம் வாங்கும் டியூஷனில் கொடுக்கலாமா என்று நல்லெண்ணத்தோடு வருகிறவர்களே தயங்குவார்கள். விக்கிப்பீடியாவுக்குப் படங்கள் தரும் பொதுக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்சும் என்சி உள்ளதை ஏற்காது. கைடுக்காரர்கள் பற்றிய கவலை உண்மையென்றால் எஸ்ஏ போடுங்கள்: அவர்கள் திருத்தி வெளியிட்டால் அதையும் திறந்தே வெளியிட வேண்டும். ஆக்கும் குழுவுக்கு எங்கள் பரிந்துரை சிசி பை. விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்துத் திருத்துகிறவர்களுக்கு சிசி பை-எஸ்ஏ, வேறு வழியுமில்லை.

கலக்கும்போது கவனம். எஸ்ஏ உள்ள ஒன்றையும் என்சி-எஸ்ஏ உள்ள ஒன்றையும் ஒரே பாடமாகப் பிசைந்து வெளியிட முடியாது. இரண்டும் தத்தம் உரிமத்தைக் கேட்கும். அவற்றை மாற்றாமல், தனித்தனி அலகுகளாக ஒரு தொகுப்பில் அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றின் கீழும் அதனதன் உரிமத்தைக் குறிக்கலாம். மேலும், ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. குழுவில் எல்லோருக்கும் இது வெளியிடும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இல் மூன்று இடங்களைப் படித்துவிடுங்கள். பிரிவு 17: வேலையின் பகுதியாக ஆக்கியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவர், அரசுப் பணிக்கு அரசு. ஆகவே பணியில் இருக்கும் ஆசிரியர் பணியின் அங்கமாக எழுதியதற்கு நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். பிரிவு 19: உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டுதான், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமையும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, காலாவதியாகிவிடும். ஓவியரிடம் வாய்மொழியாகப் பேசிப் பணம் கொடுத்துப் படம் வாங்கிய குழுக்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். "பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகெங்கும், சிசி பை 4.0 உரிமத்தில் வெளியிட" என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பிரிவு 52 வகுப்பறைக்குள் கற்பிப்பதற்குச் சில விலக்குகள் தருகிறது. அதை நம்பி இணையத்தில் திறந்த உரிமம் போட்டு வெளியிடக் கூடாது.

பழைய நூல்களுக்கு: இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு, இலங்கையில் 70. இரு நாட்டிலும் பரப்புவதானால் 70 கணக்கில் வையுங்கள். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் தனி வசதி. ஆனால் மூலம் பொதுவுக்கு வந்திருந்தாலும் பதிப்பாசிரியர் குறிப்பு, உரை, மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்குத் தனி உரிமை உண்டு. திருக்குறளைப் போடலாம்; நேற்று வந்த உரையைப் போட முடியாது.

மாணவர் முகம் தெரியும் படங்களுக்கு உரிமம் மட்டும் போதாது. பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும்; 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகளாகவே கொள்கிறது. கையை மட்டும் படம் எடுங்கள், அல்லது வரைந்துவிடுங்கள்.

நன்றிக்குறிப்பில் ஐந்து செய்திகள் வேண்டும்: தலைப்பு, ஆக்கியவர், கிடைத்த இடம், உரிமம், நீங்கள் செய்த மாற்றம். எடுத்த அன்றே விரிதாளில் பதிவு செய்யுங்கள். கடைசியில் தேடிக்கொள்ளலாம் என்று விட்டால் பத்தில் இரண்டு படத்துக்கு மூலம் கிடைக்காது, பக்கத்தையே மாற்ற வேண்டிவரும்.

படி 4: நேரக் கணக்கு

ஒரு பாடவேளைக்கான பயிற்சித்தாள், ஆசிரியர் குறிப்போடு, என்று வைத்துக்கொள்வோம். எழுத 6 முதல் 8 மணி நேரம், பாட வல்லுநர் பார்க்க 2, மொழி திருத்த 1, படம் வரைய 4, பக்க வடிவமைப்பு 2, உரிமச் சரிபார்ப்பு 1, வகுப்பில் போட்டுப் பார்த்துத் திருத்த 3. ஏறக்குறைய 20 மணி நேரம். 30 பயிற்சித்தாள் என்றால் 600 மணி. பத்து ஆசிரியர்கள் வாரம் 3 மணி கொடுத்தால் 20 வாரம். இடையில் தேர்வு, தேர்தல் பணி, விடுமுறை எல்லாம் வரும். ஒரு கல்வியாண்டு என்று எழுதுங்கள். மொழிபெயர்ப்பும் தழுவலும் இதில் பாதிக்குள் அடங்கும்.

குறைக்கக் கூடாதது வகுப்புச் சோதனை. எழுதியவர் தம் வகுப்பில் சோதிப்பது கணக்கில்லை, வேறொருவர் விளக்கமில்லாமல் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். அவர் எங்கே நின்று யோசித்தார் என்பதே திருத்தப் பட்டியல். முதல் 3 தாள்களை எல்லாப் படிகளிலும் முழுதாக முடித்துவிட்டு அடுத்த 27ஐத் தொடங்குங்கள். முப்பதையும் எழுதி வைத்துக்கொண்டு வடிவமைப்புக்காகக் காத்திருக்கும் குழுக்களில் ஆட்கள் கலைந்துவிடுகிறார்கள்.

படி 5: கோப்பு, எழுத்துரு, சொல்

ஆசிரியர்களிடம் இருக்கும் பழைய குறிப்புகளில் பெரும்பகுதி பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் தேடலில் சிக்காது, வேறு கணினியில் புரியாத குறிகளாய்த் தெரியும். மாற்றியபின் ஒற்றெழுத்து, ஸ்ரீ, க்ஷ, எண்கள் ஆகியவற்றைக் கண்ணால் பாருங்கள். மாற்றிகள் தவறுவது அங்கேதான். ஆங்கிலச் சொல் கலந்த வரிகளில் அந்தச் சொல்லும் தமிழெழுத்தாக மாறிக் குப்பையாகியிருக்கும்.

பிடிஎஃப் ஒன்று, திருத்தக்கூடிய மூலக்கோப்பு ஒன்று, இரண்டையும் வெளியிடுங்கள். பிடிஎஃப் மட்டும் கொடுத்தால் உரிமம் திறந்திருக்கும், கதவு பூட்டியிருக்கும். மூலக்கோப்பு லிப்ரே ஆஃபீசில் திறப்பதாக இருக்கட்டும். எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான், முக்தா மலர் போன்ற திறந்த உரிமம் உள்ளவை போதும். பிடிஎஃபில் 'கொடுக்கிறோம்' போன்ற ஒரு சொல்லை நகலெடுத்து ஒட்டிப்பாருங்கள். கொம்பும் காலும் பிரிந்து வந்தால் ஏற்றுமதி அமைப்பில் கோளாறு. படங்களில் பெயர்களைப் படத்தோடு உருக்கிவிடாமல் தனி அடுக்கில் வையுங்கள். இல்லையேல் பெயரை மாற்ற நினைப்பவர் படத்தையே மறுபடி வரைய வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் கலைச்சொல் வேறு. இங்கே இயற்பியல், வேதியியல், முடுக்கம், திசையன். அங்கே பௌதிகவியல், இரசாயனவியல், ஆர்முடுகல், காவி. இரண்டையும் ஒரே வரியில் சாய்கோடு போட்டு எழுதினால் மாணவர் குழம்புவார்கள். ஒரு வழக்கில் எழுதி, சொற்பட்டியலைத் தனி விரிதாளாகக் கூடவே கொடுங்கள். தழுவுகிறவர் தேடி மாற்றிக்கொள்வார்.

படி 6: மீதரவு

வளத்தைப் பற்றிய விவரங்களே மீதரவு. அதற்கான டப்ளின் கோர் என்னும் பொது அமைப்பில் 15 புலங்கள் உள்ளன. கல்விக்கென எல்ஆர்எம்ஐ என்று தனி அமைப்பும் உண்டு. சிறு குழுவுக்குப் பத்து போதும்: தலைப்பு, ஆக்கியவர், மொழி, வகுப்பு, பாடம், அத்தியாயம், பொருளின் வகை, உரிமம், பதிப்பு எண்ணும் தேதியும், எதிலிருந்து தழுவியது. அத்தியாயத்தின் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். பாடத்திட்டம் மாறினால் எண் மாறும், 'ஒளி விலகல்' மாறாது. வகுப்பு, பாடம், வகை மூன்றுக்கும் தட்டச்சு வேண்டாம். விரிதாளில் தெரிவுப்பட்டியல் வையுங்கள். இல்லாவிட்டால் 'கணிதம்', 'கணக்கு', 'கணிதவியல்' என்று மூன்று பாடம் முளைக்கும்.

படி 7: எங்கே வைப்பது

தனித்தளத்துக்கு ஆண்டுதோறும் பெயர்க் கட்டணம், இடக் கட்டணம், பாதுகாப்புத் திருத்தம் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். கவனிக்கும் ஆள் போனால் தளமும் போகும். படங்களை விக்கிமீடியா காமன்சிலும், முழுத் தொகுப்பை இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்கைவிலும், சிறுவர் கதைகளை ஸ்டோரிவீவரிலும் வைத்துவிட்டு, இணைப்புகளை ஒரே பக்கத்தில் கொடுத்தால் பெரும்பாலான குழுக்களுக்கு அதுவே தாராளம். குறைந்தது இரண்டு இடத்தில் பிரதி இருக்கட்டும். ஆசிரியர்கள் கைக்கு உண்மையில் போவது வாட்ஸ்அப் வழியாகத்தான். ஒரு தாள் 2 எம்பிக்குள் இருந்தால் தாராளமாகப் போகும். அப்படிப் போகும் கோப்பிலிருந்து இணையப்பக்கம் கழன்றுவிடும் என்பதால் உரிமக் குறிப்பும் பதிப்பு எண்ணும் தாளின் அடியிலேயே அச்சாகியிருக்க வேண்டும். கறுப்பு வெள்ளை நகலில் தெளிவாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். வண்ணத்தை நம்பிய வரைபடம் ஜெராக்சில் செத்துவிடும்.

படி 8: அளப்பது, கையளிப்பது

பதிவிறக்க எண்ணிக்கையைக் காட்டுவது எளிது, அதிலிருந்து தெரியவருவது குறைவு. ஆக்கும் குழு, வேறொரு பள்ளியில் பயன்பட்ட தாள் எத்தனை, பிறர் திருத்தி வெளியிட்டது எத்தனை என்று பார்க்க வேண்டும். பயிற்சிக் குழு, பயிற்சி முடிந்த மூன்று மாதத்துக்குள் சரியான உரிமக் குறிப்போடு ஒன்றையாவது வெளியிட்டவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். திரட்டும் குழுவுக்கு உடைந்த இணைப்புகளின் விழுக்காடு. கொள்கைக் குழுவுக்கு, ஆணை வந்ததா என்பதைவிட, ஆணைக்குப் பிறகு வெளியானவற்றில் எத்தனையில் உரிமம் அச்சாகியிருக்கிறது என்பது.

ஆண்டுக்கு ஒருமுறை, பாடத்திட்டம் வெளியாகும் காலத்தை ஒட்டி, வகைப்படுத்திய பதிவைத் திறந்து பாருங்கள். முதன்மை வகை மாறியிருந்தால் திருத்துங்கள். மூன்று மாதமாக யாரும் எதையும் சேர்க்கவில்லை என்றால் கட்டத்தை 'நின்றது' என்று மாற்றிவிடுங்கள். நடப்பில் இருப்பதாகக் காட்டும் செத்த திட்டம், புதிதாக வருகிறவரின் நேரத்தைத் தின்னும். நிறுத்தும்போது மூலக்கோப்புகள், உரிமப் பதிவேடு, ஓவியர் ஒப்பந்தங்களின் நகல், கணக்குகளின் கடவுச்சொற்கள், சொற்பட்டியல் ஆகிய ஐந்தையும் ஒரே கோப்புறையில் போட்டு, இரண்டு பேர் பொறுப்பில் கொடுங்கள். பொதுவில் வைக்கும் பிரதியில் கடவுச்சொற்களும் ஒப்பந்தங்களும் இருக்கக் கூடாது.